நட்பின் பொறுமைக்கும் சட்டத்தில் கெடு உண்டு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வராமல் தவிப்பவர் யாரிடம் போய் நின்றாலும், முதலில் கிடைக்கும் அறிவுரை 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்' என்பதாகத்தான் இருக்கும். நானும் பொறுத்துப் பார்த்தேன். அந்தப் பொறுமைக்கு நம் நாட்டுச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது என்பதையும், அந்தக் கெடு நாம் பணத்தைக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அல்லாமல் பெரும்பாலும் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதையும் காலம் கடந்த பிறகே தெரிந்துகொண்டவன் என்ற முறையில், என்னைப் போலக் காத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்தவர்கள் நானும் என் நண்பரும். மகளின் படிப்புச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது என்று அவர் கேட்டபோது, எழுத்து எதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். 'நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது' என்று சொல்லி, அச்சிட்ட புரோநோட்டுப் படிவத்தை வாங்கி வந்து, தம் கையாலேயே நிரப்பி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மீது குறுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். கேட்கும்போது திருப்பித் தருவதாக அதில் எழுதியிருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு சிறு தொகையையும் இரண்டாம் ஆண்டில் மற்றொரு சிறு தொகையையும் ரொக்கமாகக் கொண்டுவந்து தந்தார். இரண்டு முறையும் நான் அதை என் டைரியில் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு 'அடுத்த மாதம்' என்ற சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்று, தொலைபேசி மணி அடித்து ஓயத் தொடங்கியது.

ஒரு வழியாக மனத்தைத் தேற்றிக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கப் போனேன். புரோநோட்டை வாங்கிய அவர் தொகையைப் பார்க்கவில்லை, கையெழுத்தையும் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேதியை மட்டும் பார்த்தார். மேசை மீதிருந்த நாட்காட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த அதன் பின்பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, 'வரவு எதுவும் வைக்கவில்லையா?' என்று கேட்டார். நான் பெருமையோடு டைரியை எடுத்து நீட்டினேன். 'இது உங்கள் கையெழுத்து; அவருடையது எங்கே?' என்றார். நோட்டு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளும் 47 நாட்களும் கடந்திருந்தன.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் தருகிறது. இந்த அளவில் பலருக்கும் தெரியும். எந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பதில்தான் என்னைப் போன்றவர்கள் கவிழ்ந்துபோகிறோம். 'கேட்கும்போது தருகிறேன்' என்று சொல்லி வாங்கிய கடன் என்றால், நாம் கேட்ட பிறகுதானே காலக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. சட்டம் அப்படி எண்ணவில்லை. வாய்மொழிக் கைமாற்றாக இருந்தாலும், கேட்கும்போது செலுத்துவதாக எழுதிய புரோநோட்டாக இருந்தாலும், கடன் கொடுத்த நாள் அல்லது நோட்டின் தேதி எதுவோ அதுவே தொடக்கம். 2023 மார்ச் 10 தேதியிட்ட நோட்டுக்கு 2026 மார்ச் 10க்குள் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும். அன்று நீதிமன்றம் விடுமுறையாக இருந்தால் மீண்டும் திறக்கும் நாளன்று தாக்கல் செய்யலாம், அவ்வளவுதான் சலுகை. திருப்பித் தர வேண்டிய நாளை நோட்டிலேயே குறித்திருந்தால் மட்டும் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்கும். 'எப்போது வசதிப்படுகிறதோ அப்போது கொடுங்கள்' என்று நாம் பெருந்தன்மையோடு சொல்லும் சொல், சட்டத்தின் கண்ணில் நமக்கே பாதகமாக முடியக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

காலம் கடந்துவிட்டதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டாவிட்டால் தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதிராளி வாய் திறக்காவிட்டாலும், காலாவதியான வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. உடல்நலம் குன்றியிருந்தேன், வீட்டில் துக்கம் என்றெல்லாம் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் 5ஆம் பிரிவின் வழி, மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் திறந்திருக்கிறதே தவிர, பணம் கேட்டுத் தொடரும் மூல வழக்குக்குத் திறந்திருக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று, ஆகவே கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. நோட்டீஸ் நாம் எழுதுவது; நம் எழுத்து எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது.

அதை மீண்டும் முதலிலிருந்து ஓட வைக்கும் ஆற்றல் கடன் வாங்கியவரின் கையெழுத்துக்கு மட்டுமே இருக்கிறது. நான் எழுத வந்ததன் மையமே இதுதான். மூன்று ஆண்டுகள் முடிவதற்கு முன்பாக, கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்தக் கையொப்பம் இட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்பதில் சட்டம் வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமாக நடந்துகொள்கிறது. 'தர வேண்டியது உண்மைதான், ஆனால் இப்போது தர முடியாது' என்று எழுதியிருந்தாலும் போதும். 'கொடுக்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை' என்று வாதிட்டு எழுதியிருந்தாலும் போதும். அவர் சார்பில் எழுத உரிமை பெற்ற ஒருவர் கையொப்பமிட்டிருந்தாலும் செல்லும் என்பதால், நம் நோட்டீஸுக்கு அவருடைய வழக்கறிஞர் அனுப்பும் பதிலில் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கோபத்தில் கிழித்தெறியத் தோன்றும் மறுப்புக் கடிதமே நம் வழக்கைக் காப்பாற்றும் ஆவணமாக இருக்கலாம்.

சிறுகச் சிறுகத் திருப்பித் தரும்போதும் இதே விதிதான். அசலில் ஒரு பகுதியையோ வட்டியையோ கெடுவுக்குள் செலுத்தினால், செலுத்திய நாளிலிருந்து புதிய மூன்றாண்டு தொடங்கும். ஆனால் அந்தச் செலுத்துகை, செலுத்தியவருடைய கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் நோட்டின் பின்பக்கத்தில் தொகையையும் தேதியையும் எழுதி, கடன் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி 'வரவு வைத்தார்களே', அதன் பொருள் எனக்கு அந்த வழக்கறிஞரின் அறையில்தான் புரிந்தது. இரண்டாம் முறை பணம் கொண்டுவந்தபோது என் நண்பர் ஒரே ஒரு கையெழுத்தைப் பின்பக்கத்தில் போட்டிருந்தால், எனக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் மிஞ்சியிருக்கும். கேட்டிருந்தால் அன்று அவர் மறுத்திருக்கவும் மாட்டார். பணம் வந்த மகிழ்ச்சியில் டைரியைத் தேடி எடுத்து நானே எழுதிக்கொண்டிருந்தேன்; அவரும் என் எதிரில் அமர்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரோநோட்டே எழுதாமல் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியவர்கள் இப்போது அதிகம். வங்கிக் கணக்குப் பதிவு, பணம் போய்ச் சேர்ந்ததைக் காட்டும். அது கடனாகத்தான் போனது என்பதைக் காட்டாது. 'எனக்குத் தர வேண்டியதைத்தான் திருப்பித் தந்தார்' என்றோ, 'அன்பளிப்பாகத் தந்தார்' என்றோ அவர் சொல்லிவிட்டால், மெய்ப்பிக்க வேண்டிய பாரம் நம் தலையில் விழும். 'தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள்' என்ற குறுஞ்செய்திகளுக்கு அங்கே மதிப்பு உண்டு. அவற்றை அழித்துவிடாமல், கைப்பேசியை மாற்றினாலும் இழந்துவிடாமல் காப்பாற்றி, மின்னணுப் பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டம் கோரும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஆனாலும் காலக்கெடுவைப் புதுப்பிக்க அவற்றை மட்டும் நம்பியிருப்பதைவிடத் தாளில் ஒரு கையொப்பம் வாங்கிவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, தண்டத் தொகை வாங்கியவர் மீது விழும் என்றாலும், கணக்கு வழியாகக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

பிணையாகக் காசோலை வாங்கி வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கும் நாட்கணக்கு உண்டு. காசோலை, அதில் குறித்த தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும். பணமில்லை என்று அது திரும்பி வந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு 15 நாட்கள் அவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதால், மற்ற வழிகளைவிட இதற்கு அஞ்சிப் பணத்தைக் கட்டுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், 'நண்பன்தானே, மறுபடியும் போட்டுப் பார்க்கச் சொல்கிறான்' என்று அந்தக் காசோலையைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்து நோட்டீஸுக்கான நாட்களைக் கோட்டைவிட்டார். அவரும் பொறுமைசாலிதான்.

காவல் நிலையம் போவது பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடிந்தாலொழிய, வாங்கிய கடனைத் தராதது மோசடிக் குற்றம் ஆகாது. அது உரிமையியல் வழக்கு. நிலையத்தில் அப்படிச் சொல்லி அனுப்பினால் அதில் பிழை காண முடியாது. ஆள் வைத்து மிரட்டுவது, பணியிடத்துக்குப் போய்க் கூச்சல் போடுவது, சமூக ஊடகத்தில் படத்தைப் போட்டுக் 'கடன்காரன்' என்று எழுதுவது ஆகியவை எல்லாம் பணத்தை மீட்டுத் தருவதைவிட, கொடுத்தவரையே குற்றம் சாட்டப்பட்டவராக்கி விடுவதில்தான் விரைவாக வேலை செய்கின்றன.

கெடுவுக்குள் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. புரோநோட்டோ எழுத்து ஒப்பந்தமோ கையில் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்கமுறை வழக்குத் தொடரலாம். அதில் எதிராளி 10 நாட்களுக்குள் முன்னிலையாக வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற பிறகே எதிர்வாதம் செய்யவும் முடியும் என்பதால், இழுத்தடிக்கும் இடம் குறைகிறது. வழக்குக்கே போகாமல் முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உரிய மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது, மாதத் தவணையாகவும் எழுதிக்கொள்ளலாம். நண்பர்களுக்குள் உள்ள கணக்குக்கு இதைவிடக் கண்ணியமான இடம் எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பாணை கிடைத்ததும் பணம் வந்துவிடும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அதை நிறைவேற்ற 12 ஆண்டுகள் வரை அவகாசம் இருந்தாலும், நிறைவேற்று மனு என்பது தனியாக ஒரு பயணம். சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. எனவே ஒருவரிடம் மீட்கத்தக்க சொத்தோ வருமானமோ இருக்கிறதா என்று முதலிலேயே நேர்மையாக எடைபோட்டுப் பார்த்துவிட்டு வழக்குத் தொடர்வது நலம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நண்பரிடம் போய்க் 'கையெழுத்துப் போடு' என்று எப்படிக் கேட்பது? நட்பு கெட்டுவிடாதா? பணத்தைக் கேட்பதைவிடக் கையெழுத்தைக் கேட்பதுதான் நட்புக்கு இதமானது என்று இப்போது நான் கருதுகிறேன். பணத்தைக் கேட்டால், உண்மையிலேயே கையில் இல்லாதவர் கூனிக் குறுகிப் போகிறார். நம் முகத்தைப் பார்க்க அஞ்சி வேறு தெரு வழியாகப் போகத் தொடங்குகிறார். கையெழுத்தைக் கேட்டால் அவருக்கு எந்தச் செலவும் இல்லை. மாறாக, இன்னும் மூன்று ஆண்டுகள் நிம்மதியாக மூச்சுவிடலாம் என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேர்கிறது. தர முடியாதவர் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். தர மனமில்லாதவருக்குத்தான் பேனா கனக்கும். இந்த இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாமல்தான் நாம் ஆண்டுக்கணக்கில் தூக்கம் கெடுகிறோம். இரண்டாண்டு ஒன்பது மாதம் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டால், பதில் அன்றைக்கே தெரிந்துவிடும். மறுத்தால் வழக்குத் தொடர இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கும்.

எனக்கு அந்த மூன்று மாதம் இருக்கவில்லை. ஆனாலும் வழக்கறிஞர் ஒரு கடைசி வழியைச் சொன்னார். காலாவதியானதால் கடன் அழிந்துவிடவில்லை, நீதிமன்றத்தின் கதவுதான் அடைபட்டிருக்கிறது. காலாவதியான கடனைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையொப்பமிட்டால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லத்தக்க ஒப்பந்தமாகும் என்றார். இங்கே 'தர வேண்டியது உண்மைதான்' என்ற ஒப்புதல் மட்டும் போதாது, 'தருகிறேன்' என்ற உறுதிமொழி வேண்டும் என்றும் எச்சரித்தார். அவரே நான்கு வரியில் எழுதிக் கொடுத்த தாளோடு நண்பர் வீட்டுக்குப் போனேன். நெடுநாளைக்குப் பிறகு பார்த்த மகிழ்ச்சியோடுதான் வரவேற்றார். தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். 'பணம் தர மாட்டேன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? நமக்குள்ள எதுக்குய்யா கையெழுத்து?' என்று சிரித்துக்கொண்டே அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். புரோநோட்டை வலிய எழுதிக் கொடுத்த அதே கை.

அவர் மீது எனக்கு இப்போது கோபம் அதிகம் இல்லை. மூன்று ஆண்டுக் கெடுவை அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்று ஆராய்வதையும் விட்டுவிட்டேன்.

தங்கள் நாளிதழில் சட்டம் தொடர்பான கேள்வி பதில்கள் வெளியிடும்போது, புரோநோட்டைப் புதுப்பிப்பதற்கும் பின்பக்கத்தில் வரவு வைப்பதற்கும் உரிய வாசகங்களை, வாசகர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் வகையில் ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதி முடித்த பிறகு என் பழைய கோப்புகளைத் துழாவியதில், வேறொரு நண்பர் எழுதிக் கொடுத்த சிறு தொகைக்கான நோட்டு ஒன்று அகப்பட்டது. அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். 'ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஸ்டாம்ப் என்னிடமே இருக்கிறது' என்றார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்